கழற்றி மாட்டும் வாய்: மாற்று அலகுக் கோடாலியை வடிவமைப்பது ஏன் கடினம்

கோடாலியில் முதலில் போவது காம்புதான். குறி கொஞ்சம் தவறினால், வாய் விழ வேண்டிய இடத்தில் காம்பின் கழுத்து கட்டையின் விளிம்பில் மோதும். நாலைந்து முறை அப்படி ஆனால் நார் பிரிந்து ஒருநாள் முறிந்துவிடும். இரும்புத் தலைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. புதுக் காம்பு செதுக்கி, நுழைத்து, ஆப்பு அடித்துவிட்டால் வேலை மறுபடி தொடங்கும். அதனால் கோடாலி பிடிக்கிறவர்களுக்கு இரும்பு நிலையானது, மரம் வந்துபோவது.

இதைத் தலைகீழாக்கினால் என்ன என்ற யோசனை பலருக்கும் வருகிறது. சவரக் கத்தியில் பிளேடை மாற்றுகிறோம். அறுவைக் கத்தியில் மாற்றுகிறோம். ஜேசிபி வாளியின் பற்களைக்கூடக் கழற்றி மாட்டுகிறோம். கோடாலிக்கு மட்டும் ஏன் தலை முழுவதும் ஒரே இரும்பாக இருக்க வேண்டும்? வெட்டும் அலகை மட்டும் நல்ல எஃகில் செய்து, மழுங்கியதும் மாற்றிக்கொள்ளலாமே. நானும் இதைக் காகிதத்தில் பல முறை வரைந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அலகை வரைந்து முடித்துவிட்டுத்தான் இணைப்புக்கு வந்தேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இந்தக் கருவியில் இணைப்பை முதலில் யோசிக்க வேண்டும், அலகு அப்புறம்தான் என்பது என் கருத்து. மனிதர்கள் இதே இணைப்போடு சில ஆயிரம் ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

கோடாலி பிறந்ததே மாற்று அலகுக் கருவியாகத்தான். புதிய கற்காலக் கோடாலியில் தேய்த்து மெருகிட்ட கல் ஓர் அலகு. அதை மரக் காம்பில் பொருத்திக் கட்டினார்கள். கல் உடைந்தால் வேறு கல். 1853-54 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரியில் நீர்மட்டம் வெகுவாக இறங்கியபோது, ஓபர்மைலன் என்ற இடத்தில் பழைய ஏரிக்கரைக் குடியிருப்பின் மரத்தூண்கள் வெளியே தெரிந்தன. அப்படிப்பட்ட குடியிருப்புகளில் கிடைத்த ஒரு சின்னப் பொருளை நான் மிகவும் மதிக்கிறேன். மான் கொம்பில் செய்த உறை அது. கல் அலகின் பின்பகுதி கொம்பு உறைக்குள் போகும், உறை காம்பின் துளைக்குள் போகும். கல்லை நேராக மரத்தில் செருகினால் ஒவ்வொரு அடியிலும் கல் ஆப்பாகி மரத்தைப் பிளக்கும். நடுவில் கொம்பு இருந்தால் அதிர்ச்சியை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கல் போனால் காம்பைத் தொடாமல் கல்லை மட்டும் மாற்றலாம். இணைப்புக்கென்றே தனியாக ஒரு உறுப்பு வேண்டும் என்பதை அந்த ஏரிக்கரை மனிதர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

1991இல் இத்தாலி-ஆஸ்திரியா எல்லையின் பனிமலையில் உறைந்த உடலாகக் கிடைத்த ஓட்ஸி என்ற பழங்கால மனிதரின் கோடாலி இன்னும் முழுமையானது. சுமார் 5,300 ஆண்டு பழையது. ஏறத்தாழ 60 செ.மீ. நீள யூ மரக் காம்பு, 9.5 செ.மீ. நீளச் செம்பு அலகு. காம்பின் முனையில் இருக்கும் பிளவில் அலகைச் செருகி, பிர்ச் மரப் பிசினால் ஒட்டி, தோல் வாரால் இறுக்கிச் சுற்றியிருக்கிறார்கள். வாரை அவிழ்த்துப் பிசினைச் சூடாக்கினால் அலகைக் கழற்றிவிடலாம்.

வெண்கலக் காலத்தில் இந்தச் சிக்கல் தெளிவாகத் தெரிய வந்தது. தட்டையான அலகை மரப் பிளவில் செருகினால், அடிக்க அடிக்க அது பின்னோக்கி நகர்ந்து மரத்தைக் கிழிக்கும். மேற்கு ஐரோப்பாவில் முதலில் அலகின் இரு ஓரங்களையும் உயர்த்தி வார்த்தார்கள். அதனால் பக்கவாட்டு ஆட்டம் நின்றது, பின்னோக்கிய நகர்வு நிற்கவில்லை. பிறகு அலகின் நடுவில் குறுக்கே ஒரு தடை வரம்பு வைத்தார்கள். காம்பின் முனை அந்த வரம்பில் போய் முட்டி நிற்கும். அடியின் விசை முழுவதும் அந்தத் தோளில் இறங்கும், மரத்தின் பிளவைத் திறக்காது. அதற்கும் பிறகு, அலகின் பின்புறத்தையே குழல்போல வார்த்து, காம்பை அதற்குள் நுழைத்தார்கள். இழுத்துக் கட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு சிறு வளையமும் வைத்தார்கள். தோள், குழல், கட்டு என்ற இந்த மூன்றில்தான் இன்றைய வடிவமைப்பாளரும் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார்.

தலையில் துளையிட்டுக் காம்பை அதன் வழியே நுழைக்கும் முறை மெசொப்பொத்தேமியாவில் வெண்கலக் காலத்திலேயே இருந்தது. காலப்போக்கில் அதுதான் பெரும்பாலான இடங்களில் நிலைத்தது. மாற்றும் பொருள் அலகு என்றிருந்தது போய், காம்பு என்றானது அங்கேதான்.

ஆனால் அதோடு அலகு மாற்றும் வழக்கம் முடிந்துவிடவில்லை. நல்ல எஃகு விலை உயர்ந்ததாக இருந்த காலம் முழுக்க, கொல்லர்கள் கோடாலியின் உடலைச் சாதாரண இரும்பில் மடித்துச் செய்து, வாயில் மட்டும் ஒரு எஃகுத் துண்டை வைத்துக் காய்ச்சி அடித்து ஒட்டினார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1826இல் தொடங்கிய காலின்ஸ் கம்பெனி கோடாலிகளை இயந்திரங்கள் கொண்டு பெருமளவில் செய்தது. அங்கேயும் முறை இதுதான், இரும்பு உடல், எஃகு வாய். வாய் தேய்ந்து எஃகு தீர்ந்துபோனால் உள்ளூர்க் கொல்லரிடம் கொடுத்துப் புது எஃகு வைத்து வாங்கினார்கள். அதுவும் அலகு மாற்றுவதுதான். இணைப்பு மட்டும் திருகாணியில் இல்லை, உலைக்களத்தில் நடந்தது. நம் நாட்டு மரக்கலப்பையின் கொழுவும் இந்த இனம்தான். மரம் அப்படியே இருக்க, இரும்புக் கொழு மட்டும் பட்டறைக்குப் போய் அடிபட்டுக் கூராகி வரும்.

உலை தேவைப்படாத மாற்றலகு எப்போது வந்தது என்று பார்த்தால், அதற்கான காரணங்கள் தெளிவாகும். இங்கிலாந்தில் ராபர்ட் ரான்சம் 1785இல் வார்ப்பிரும்புக் கொழுவுக்குக் காப்புரிமை பெற்றார். 1803இல் கொழுவின் அடிப்புறத்தை மட்டும் வேகமாகக் குளிர வைத்துக் கடினமாக்கும் முறையைக் கொண்டுவந்தார். மேல்புறம் மென்மையாக இருப்பதால் முதலில் தேயும், கீழ்ப்புறம் கூர் மாறாமல் நிற்கும். 1808இல் ஏரின் பாகங்களை ஒரே அளவில் செய்து, விவசாயியே வயலில் கழற்றி மாட்டும்படி செய்தார். இதெல்லாம் ஏன் தேவைப்பட்டது? மண் கொழுவைத் தின்கிறது. நாள்தோறும் தேய்கிற பொருளுக்காக முழு ஏரையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு அலைய முடியாது.

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் நேத்தன் ஸ்பால்டிங் 1860களில் வட்டரம்பத்துக்குத் தனிப் பற்கள் செய்த காரணம் வேறு. வட்டரம்பத்தின் பற்களை அரத்தால் கூராக்கக் கூராக்க அதன் விட்டம் குறைந்துகொண்டே போகும், கடைசியில் பெரிய மரத்தை அறுக்க உதவாது. பல்லை மட்டும் மாற்றினால் விட்டம் குறையாது. இதில் வடிவமைப்பாளர்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. செருகும் பற்களைச் சதுர மூலைகொண்ட குழிகளில் வைத்தால் மூலையிலிருந்து தட்டில் விரிசல் ஓடும். ஸ்பால்டிங் குழியின் அடியை வளைவாக்கினார். இன்றைக்கும் எந்த இணைப்பிலும் கூர்மூலை வைக்காதே என்றுதான் பொறியியல் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சவரக் கத்தியில் காரணம் இன்னும் எளிது. தீட்டும் வேலை பிளேடின் விலையைவிடப் பெரிது. ஜில்லெட் விற்பனை தொடங்கிய 1903இல் விற்றது 51 கத்திகளும் 168 பிளேடுகளும்தான். ஆனால் மெல்லிய தகட்டில் பிளேடு செய்ய முடியும் என்றானதும் தீட்டுவது என்ற வேலையே வீட்டிலிருந்து போய்விட்டது. 1915இல் மார்கன் பார்க்கர் காப்புரிமை பெற்ற இரு துண்டு அறுவைக் கத்தியிலும் இதே நியாயம்தான். மிகக் கூரான, கறைபடாத முனை ஒவ்வொரு முறையும் வேண்டும், தீட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

இந்தக் காரணங்களைக் கோடாலிக்குப் பொருத்திப் பாருங்கள். தீட்டுவது கடினமா? இல்லை. ஒரு அரமும் ஒரு சாணைக்கல்லும் போதும், பத்து நிமிட வேலை. தேய்ந்தால் கருவியின் அளவு கெடுமா? ஒருமுறை அரம் போட்டால் போவது மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு. தலையின் வாய்ப்பகுதியில் சில சென்டிமீட்டர் நல்ல எஃகு இருக்கும்போது பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லை. பெரிய மரங்களை வீழ்த்திய வட அமெரிக்கக் காட்டுத் தொழிலாளர்களுக்குக்கூட மாற்றலகு தேவைப்படவில்லை. அவர்கள் இரட்டை வாய்க் கோடாலியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாய் மெல்லியதாக, மரம் வீழ்த்த. மறுவாய் கொஞ்சம் தடிமனாக, கணுவும் கிளையும் வெட்ட. அந்த மாற்று அலகுக்குத் திருகாணியே வேண்டாம், காம்பைத் திருப்பிப் பிடித்தால் போதும். அதைவிட நேர்த்தியான தீர்வு எனக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் இந்த யோசனையே வீணா? அப்படி நான் சொல்லமாட்டேன். கோடாலி வாய் உடைந்தே போகிற வேலைகள் உண்டு. பழைய கட்டட மரம் பிரிக்கும்போது உள்ளே ஆணி இருக்கும். வேர் வெட்டும்போது மண்ணுக்குள் கல் இருக்கும். அங்கே வாயில் சில்லு பெயரும். அரை சென்டிமீட்டர் பெயர்ந்துவிட்டால் அதைச் சாணையில் சரிசெய்வது பெரும்பாடு. அதுவும் மின்சாணையில் அவசரமாகத் தேய்த்து வாய் சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டால், காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம் போய்விடும், பிறகு அந்த வாய் கூர் நிற்காது. இந்த வேலைகளுக்கு மாற்றலகு நியாயமான ஆசைதான். ஆனால் மிக மோசமான அடி விழுவதும் இங்கேதான். ஆக, மாற்றலகு எங்கே தேவையோ அங்கேதான் இணைப்புக்கு உச்சகட்டச் சோதனை.

எவ்வளவு விசை என்று ஒரு கணக்குப் போடுவோம். தலை 1.6 கிலோ, விழும் வேகம் வினாடிக்கு 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இயக்க ஆற்றல் சுமார் 115 ஜூல். சாதாரண மரத்தில் 3 செ.மீ. இறங்கி நின்றால் சராசரி விசை ஏறத்தாழ 3,800 நியூட்டன், அதாவது 390 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். அதே அடி ஒரு ஆணியிலோ கல்லிலோ பட்டு 2 மி.மீ.யில் நின்றால்? விசை பதினைந்து மடங்காகிறது. கிட்டத்தட்ட 6 டன். அடுத்த அடி எதில் விழப்போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் இணைப்பை 6 டன்னுக்குத்தான் செய்ய வேண்டும்.

எல்லோரும் முதலில் வரைவது திருகாணி இணைப்பு. தலையின் முன்புறம் ஒரு பிளவு, அதில் தட்டையான அலகு, குறுக்கே இரண்டு திருகாணி. 8 மி.மீ. விட்டமுள்ள, 8.8 தர (உயர் வலிமை எஃகு) போல்ட் ஒன்றை நன்றாக முடுக்கினால் அது சுமார் 16,000 நியூட்டன் விசையில் இறுக்கிப் பிடிக்கும். இரண்டு போல்ட், அலகின் இரு பக்கங்கள், உராய்வுக் கெழு 0.15 என்று கொண்டால் அலகு நகராமல் தடுக்கும் உராய்வு விசை 9,600 நியூட்டன், அதாவது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. சாதாரண மரத்துக்கு இது தாராளம். ஆனால் முதல் ஆணியில் அலகு வழுக்கிப் பின்னே போகும், போல்டின் தண்டில் போய் இடிக்கும். வழுக்கல் தொடங்கிவிட்டால் அப்புறம் அதை நிறுத்துவது கடினம். குறுக்குவாட்டில் சிறிது சிறிதாக வழுக்கினாலே போல்ட் தானாகக் கழன்றுவிடும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் சோதனை செய்து காட்டினார். அவர் பெயரிலேயே இன்றும் அந்தச் சோதனை நடக்கிறது. ஸ்பிரிங் வாஷர் போட்டால் தீரும் என்று நினைப்பதும் அந்தச் சோதனையில் அடிபட்டுப்போகிறது. போல்டை நம்பிக் கட்டிய கோடாலி, ஒருநாள் அலகைக் காற்றில் வீசும் கோடாலி. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து காகிதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, போல்ட் வேண்டாம், ஆப்பு வடிவம் வைப்போம். அலகின் பின்புறத்தை ஆப்பாகச் சரித்து, உடலில் அதற்கேற்ற சரிந்த பிளவு வைத்தால், ஒவ்வொரு அடியும் அலகை இன்னும் இறுக்கும். குந்தாலியில் காம்பு இப்படித்தான் நிற்கிறது. துளை மேலே அகன்று கீழே குறுகியிருக்கும், வீச வீசத் தலை இறுகும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஓட்ஸி கால மரப்பிளவின் சிக்கல் இங்கே இரும்பில் திரும்பி வருகிறது. ஆப்பு அலகு உடலின் இரு கன்னங்களையும் வெளியே தள்ளும். ஆணியில் பட்டால் 6 டன் ஆப்பு. இரும்பு ஒரேயடியாகப் பிளக்காது, ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக அகலும். ஒரு மாதத்தில் அலகு ஆடத் தொடங்கும்.

விடை வெண்கலக் காலத்துத் தடை வரம்பில் இருக்கிறது. அடியின் விசையை ஒரு தட்டையான தோள் நேராக வாங்க வேண்டும். சரிவு, அலகைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைப்பதற்கு மட்டும். சிக்கல் என்னவென்றால் தோளும் சரிவும் ஒரே நேரத்தில் ஒட்டாது. ஒன்று ஒட்டினால் மற்றதில் இடைவெளி இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒட்ட வைக்கும் கருவிப் பிடிகள் இன்றைய கணினிக் கடைசல் இயந்திரங்களில் இருக்கின்றன, ஆனால் அவற்றின் துல்லியம் மைக்ரான் கணக்கு. பட்டறையிலும் காட்டிலும் அது நடக்காது. ஆகவே தோள் கட்டாயம் ஒட்ட வேண்டும், சரிவில் மிகச் சிறிய இடைவெளி இருக்கட்டும் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இங்கே ஜேசிபி வாளியின் பல்லைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். வாளியில் பற்றவைத்த மூக்கு ஒன்று இருக்கும், பல் அதன்மேல் தொப்பிபோல உட்காரும். தோண்டும் விசை பல்லை மூக்கின்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். குறுக்கே ஒரு பின் இருக்கும். அந்தப் பின் தோண்டும் விசையைச் சுமப்பதில்லை, பல் கழன்று விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதனால்தான் அவ்வளவு பெரிய விசையில் இவ்வளவு சிறிய பின் தாங்குகிறது. கோடாலியிலும் பின் இந்த வேலையை மட்டுமே செய்ய வேண்டும்.

ஆனால் கோடாலிக்கு இன்னொரு விசை இருக்கிறது. கட்டையில் சிக்கிக்கொண்ட கோடாலியை எடுக்க என்ன செய்கிறோம்? காம்பின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுகிறோம். 80 செ.மீ. தூரத்தில் 30 கிலோ விசை கொடுத்தால், 8 செ.மீ. அகலமுள்ள இணைப்பின் ஒரு முனையில் 300 கிலோ அழுத்தமும் மறுமுனையில் 300 கிலோ இழுப்பும் வரும். தோள் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும். இழுப்பை யார் பார்ப்பார்? அப்போது மட்டும் பின் உண்மையாகவே சுமக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சரிவு இடைவெளி பெரிதாக இருந்தால் அலகு லொடலொடவென ஆடும். காம்பு கழுத்தில் முறிவதற்கும் பல நேரம் இந்த ஆட்டும் பழக்கம்தான் காரணம், அலகு இணைப்பையும் இதே பழக்கம்தான் முதலில் கொல்லும்.

அப்புறம் இணைப்பை எங்கே வைப்பது என்ற கேள்வி. வாய் மரத்தில் 3 முதல் 5 செ.மீ. இறங்கும். அந்த ஆழத்துக்குள் இணைப்பின் விளிம்போ பின் தலையோ நீட்டிக்கொண்டிருந்தால் மரத்தில் மாட்டும். கோடாலியின் கன்னம் வழவழப்பாக, கொஞ்சம் உப்பலாக இருக்க வேண்டும் என்பதே சிக்காமல் வெளியே வருவதற்காகத்தான். ஆகவே இணைப்பு வாயிலிருந்து குறைந்தது 6 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். 10 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம், சராசரி 8 மி.மீ. தடிமன் கொண்ட அலகு என்றால் எடை சுமார் 375 கிராம். தலையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. சவரப் பிளேடு போல மெல்லிய மலிவான மாற்றலகு என்ற கனவு இங்கே முடிந்துபோகிறது.

இதற்கு ஈடாகக் கிடைக்கும் உண்மையான லாபம் எஃகுத் தேர்வு. சாதாரணக் கோடாலி வாயை, எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 60க்குக் கீழேதான் வைக்கிறார்கள். அதற்கு மேல் கடினமாக்கினால் அரம் ஏறாது, சில்லும் பெயரும். உடலோ மென்மையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துளையைச் சுற்றி விரிசல் விடும். ஒரே இரும்பில் இரண்டு குணம் வேண்டும் என்பதால்தான் வாயை மட்டும் காய்ச்சித் தோய்க்கிறார்கள். அலகு தனியாக இருந்தால் இந்தச் சமரசம் தேவையில்லை. ஆனால் இங்கே நான் பலரோடு மாறுபடுகிறேன். மாற்றலகு என்பதால் இன்னும் கடினமாக்கலாம் என்று நினைக்கிறார்கள். உடையும் வேலைக்காகத்தானே மாற்றலகு? அப்படியென்றால் கடினத்தைக் குறைத்து, முறியாத எஃகைத்தான் எடுக்க வேண்டும். லாரி வில்பட்டை எஃகு போதும். ஆணியில் பட்டால் சில்லாகப் பறக்காமல் மடங்கட்டும். கண்ணுக்கு அது பாதுகாப்பு, அரமும் ஏறும்.

பெரிய மரம் வெட்டும் இயந்திரங்களில் இந்த யோசனை ஏற்கெனவே வென்றுவிட்டது. காடுகளில் மரத்தை அடியோடு பிடித்து அறுக்கும் இயந்திரத்தின் தட்டு ரம்பத்தில் பற்கள் சதுரமாக இருக்கும், ஒரு மூலை மழுங்கினால் கழற்றித் திருப்பி அடுத்த மூலையை முன்னே வைப்பார்கள். ஒரு பல்லில் நான்கு வாய். கைக் கருவிகளில் அமெரிக்கக் கூரைத் தொழிலாளர்களின் சிறு கைக்கோடாலி ஒன்று நினைவுக்கு வருகிறது, அதில் கூரை விரிப்பை நறுக்கக் கத்திப் பிளேடு மாட்டியிருக்கும். இரண்டிலுமே வீசி அடிக்கும் அதிர்ச்சி மாற்றலகின்மேல் நேராக விழுவதில்லை. அதனால்தான் அங்கே எளிதாக முடிந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகு நான் வரைந்து வைத்திருக்கும் வடிவம் இது. உடலின் முன்புறம் ஒரு கட்டை மூக்கு. அலகின் பின்புறம் அதன்மேல் உட்காரும் குழி, உள்மூலைகள் எல்லாம் வளைவு. மூக்கின் முகமும் குழியின் அடியும் தட்டையாக ஒட்டும், அதுதான் தோள். குழியின் மேல், கீழ்ச் சுவர்கள் தடிமனாக இருக்கும், மேலும் கீழும் ஆட்டும் விசைக்காக. ஒரே ஒரு பிளவுபட்ட ஸ்பிரிங் பின், வாயிலிருந்து 7 செ.மீ. பின்னால், கன்னத்தின் மட்டத்துக்குள்ளேயே அமுங்கி நிற்கும். அது வேர், பழைய கட்டட மரம் ஆகியவற்றுக்கு மட்டுமான கனமான கோடாலி. விறகுக்கும் மரம் வீழ்த்தவும் பழைய ஒற்றைத் தலையே சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த வடிவத்தில் கடைசியாகச் சேர்த்தது ஒரு துளை. சில நூறு அடிகளுக்குப் பிறகு அலகு மூக்கோடு இறுகிப்போய்விடும், பின்னை எடுத்தாலும் வராது. துளையிடும் இயந்திரங்களின் சரிவுப் பிடியில் இதற்கென்றே பக்கவாட்டில் ஒரு நீள்துளை உண்டு, அதில் சரிந்த சாவி ஒன்றைத் தட்டினால் ட்ரில் கழன்று விழும். அதே மாதிரி அலகுக்கும் மூக்குக்கும் இடையே, காம்பை ஒட்டிய பக்கத்தில் ஒரு நீள்துளை வைத்தேன். அதில் ஒரு சாதாரண இரும்பு ஆப்பை வைத்து இரண்டு தட்டுத் தட்டினால் பழைய அலகு முன்னால் வந்துவிடும்.